உணவை வைத்து வரும் ஆங்கில மரபுத்தொடர்கள்: எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது?

கேள்வி: மணிமுத்தாறு

பேச்சு ஆங்கில வகுப்புக்கு ஒரு பாடம் தயாரிக்கிறேன். தலைப்பு: சாப்பாடு சம்பந்தமான மரபுத்தொடர்களும் அன்றாடப் பேச்சும். படிப்பவர்கள் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள். இலக்கணம் ஓரளவு வரும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

கடையில் கிடைக்கும் கையேடுகளில் நூற்றுக்கு மேல் பட்டியல் போட்டிருக்கிறார்கள். "பீஸ் ஆஃப் கேக் என்றால் மிகச் சுலபம்" என்று ஒரு வரியோடு சரி. அதை மனப்பாடம் செய்த மாணவர் "திஸ் இஸ் பீஸ் ஆஃப் கேக் வொர்க்" என்கிறார். அர்த்தம் தெரிந்திருக்கிறது, பேச்சு வரவில்லை.

மூன்று சந்தேகங்கள். எவற்றை முதலில் எடுப்பது? தமிழ்ப் பழமொழியை இணையாக வைத்து விளக்கினால் நல்லதா கெட்டதா? மரபுத்தொடர் பிறந்த கதை என்று இணையத்தில் உலவுபவற்றை வகுப்பில் சொல்லலாமா?

---

வாய்க்கால்:

வணக்கம் சார். அர்த்தத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் உருவத்தைச் சொல்லிக்கொடுங்கள். மரபுத்தொடரில் எந்தச் சொல்லை அசைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரியாததால்தான் பிழை வருகிறது. உங்கள் மாணவர் சொன்ன வாக்கியத்திலேயே இரண்டு பிழை.

"எ பீஸ் ஆஃப் கேக்" என்பதில் முன்னால் வரும் "எ" கட்டாயம். தமிழில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லாததால் நம் வாயில் தானாக உதிர்ந்துவிடும். அடுத்தது, இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நிற்காது. வாக்கியத்தின் முடிவில், "இஸ்", "வாஸ்", "வில் பி" இவற்றுக்குப் பின்னால்தான் உட்காரும்: "த எக்ஸாம் வாஸ் எ பீஸ் ஆஃப் கேக்." இரண்டு தேர்வு எழுதியிருந்தாலும் "பீசஸ்" ஆகாது. "வெரி" சேராது.

"ஸ்பில் த பீன்ஸ்" என்பதில் "த" போகக்கூடாது, "பீன்ஸ்" ஒருமை ஆகக்கூடாது. வினையை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். அமெரிக்கர் "ஸ்பில்ட்" என்பதை "ஸ்பில்டு" என்று எழுத்துக் கூட்டி எழுதுவார்கள், பிரிட்டனில் இரண்டும் உண்டு. பயன்படுத்தும் இடமும் முக்கியம். சும்மா ஒரு செய்தியைச் சொன்னதற்கு இது வராது. மூடிவைத்திருக்க வேண்டிய ரகசியம் வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஈட் ஹம்பிள் பை", "ஈட் க்ரோ" இரண்டும் நேர்மாறு. நடுவில் "எ"யும் கூடாது "த"வும் கூடாது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: தன் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை. காக்கை வருவது அமெரிக்க வழக்கு.

"டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்" (அப்படியே நம்பிவிடாதே) என்பதில் வினை பெரும்பாலும் "டேக்"தான். "லிசன் வித்", "ஹியர் வித்" என்று மாற்றினால் கேட்பவர் முழிப்பார். அமெரிக்கர்கள் "பின்ச்" இடத்தில் "க்ரெய்ன்" போடுவார்கள்.

அடுத்தது "ஐ ஹாவ் எ லாட் ஆன் மை பிளேட்". அலுவலகத்தில் ஒரு வேலையை மரியாதையாகத் தட்டிக்கழிக்க இதைவிட உபயோகமான வாக்கியம் இல்லை. "ஐ வுட் லவ் டு ஹெல்ப், பட் ஐ ஹாவ் டூ மச் ஆன் மை பிளேட் திஸ் வீக்." தமிழில் "தட்டில்" என்று யோசிப்பதால் "இன் மை பிளேட்" என்று வந்துவிடும். "ஆன்"தான்.

ஒன்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்: "நாட் மை கப் ஆஃப் டீ". இந்தியாவில் "ஐ.ஏ.எஸ். தேர்வு எல்லோருடைய கப் ஆஃப் டீயும் இல்லை" என்கிற தொனியில், எல்லோராலும் முடியாது என்ற பொருளில் புழங்குகிறது. பிரிட்டனில் இது முழுக்க முழுக்க ரசனை சம்பந்தப்பட்டது. எனக்குப் பிடிக்காது, என் ருசிக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். "டேட்டாபேஸ் வொர்க் இஸ் நாட் மை கப் ஆஃப் டீ" என்று உங்கள் மாணவர் லண்டன் வாடிக்கையாளரிடம் சொன்னால், வேலை தெரியாது என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். இந்த வேலையில் இவருக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வார். திறமைக் குறைவைவிட அது மோசமான செய்தி.

---

தாழம்பூ:

வாய்க்கால் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. எல்லாத் தொடரும் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. "த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்" என்று செயப்பாட்டு வினையில் பத்திரிகைகளே எழுதுகின்றன. "பீஸ் ஆஃப் கேக்" அப்படி வளையாது. மாணவர்களுக்கு "எதையும் மாற்றாதே" என்று சொல்லுங்கள், அது பாதுகாப்பு. ஆனால் வேறு யாராவது மாற்றிப் பேசினால் பிழை என்று நினைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எதை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் வேறு. அலங்காரத் தொடர்களைப் பின்னால் தள்ளுங்கள். சமையல், மெல்லுதல், கடித்தல் இவற்றிலிருந்து வந்த சாதாரண வினைகளை முதலில் எடுங்கள். அலுவலகப் பேச்சில் தினமும் காதில் விழுபவை இவைதான், ஆனால் மரபுத்தொடர்க் கையேடுகள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

"இட் ஆல் பாயில்ஸ் டவுன் டு காஸ்ட்": சுண்டக் காய்ச்சினால் மிஞ்சுவது செலவுதான். "திஸ் வில் ஈட் இன்டு அவர் மார்ஜின்": நம் லாபத்தைத் தின்றுவிடும். "தே வாட்டர்டு டவுன் த ரிப்போர்ட்": அறிக்கையின் காரத்தைக் குறைத்துவிட்டார்கள். "புட் இட் ஆன் த பேக் பர்னர்": இப்போதைக்குப் பின் அடுப்புக்குத் தள்ளு. நான்கு பர்னர் அடுப்பில் அவசரச் சமையல் முன்னால் நடக்கும், கொதித்துக்கொண்டே கிடக்க வேண்டியது பின்னால் போகும். அந்தப் படத்தைக் காட்டினால் விளக்கமே தேவையில்லை. "ஹாஃப் பேக்டு ப்ளான்": அரைவேக்காட்டுத் திட்டம். தமிழில் அச்சு அசலாக அதே சொல் இருக்கிறது.

"ச்சூ" வினையில் கவனம் தேவை. "லெட் மீ ச்சூ இட் ஓவர்" என்றால் யோசித்துச் சொல்கிறேன். "ஷீ ச்சூடு ஹிம் அவுட்" என்றால் அவனைக் கடித்துக் குதறிவிட்டார், அதாவது கடுமையாகத் திட்டினார்; இது அமெரிக்க வழக்கு. பின்னால் வரும் ஒட்டுச்சொல் ஒன்று மாறினால் மீட்டிங்கில் நடந்ததே தலைகீழாகிவிடும்.

பிரதிப்பெயர் எங்கே வரும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். "பட்டர் அப்" (ஐஸ் வைப்பது), "எக் ஆன்" (உசுப்பேற்றுவது), "வுல்ஃப் டவுன்" (அள்ளி விழுங்குவது) எல்லாவற்றுக்கும் ஒரே விதி. "ஹிம்", "ஹர்", "இட்" வந்தால் நடுவில்தான்: "டோன்ட் பட்டர் ஹிம் அப்." "பட்டர் அப் ஹிம்" தப்பு. ஆள் பெயர் என்றால் இரண்டு இடமும் சரி. இந்த "எக்" முட்டை அல்ல, பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த தூண்டுதல் என்ற வினை. ஆகவே பலகையில் முட்டைப் படம் வரையாதீர்கள்.

உங்கள் மாணவர்களில் மென்பொருள்காரர்கள் இருப்பார்கள் என்பதால் இன்னும் மூன்று. "செர்ரி பிக்" என்பது பேச்சில் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுப்பது; கொஞ்சம் குற்றச்சாட்டுத் தொனி உண்டு. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் அதே பெயருள்ள கட்டளை ஒரு கிளையில் உள்ள குறிப்பிட்ட கமிட்டை (பதிந்த மாற்றத்தை) மட்டும் இன்னொரு கிளைக்குக் கொண்டுவருவது. அங்கே குற்றம் ஒன்றும் இல்லை. "லோ ஹேங்கிங் ஃப்ரூட்" என்றால் கைக்கெட்டும் பழம், முதலில் முடிக்கக்கூடிய சுலப வேலை. "ஈட்டிங் அவர் ஓன் டாக் ஃபுட்" என்றால் நாம் தயாரித்த பொருளை முதலில் நாமே பயன்படுத்திப் பார்ப்பது. மைக்ரோசாஃப்டில் 1988-ல் பால் மரிட்ஸ் அனுப்பிய ஒரு உள் மின்னஞ்சலின் தலைப்பு வழியாகத்தான் இது கம்ப்யூட்டர் துறையில் பரவியது.

---

பனங்காடு:

தமிழ்ப் பழமொழியை இணை வைப்பது பற்றி. கட்டாயம் வையுங்கள். ஆனால் ஒவ்வொரு ஜோடியையும் உரசிப் பார்த்துவிட்டு வையுங்கள். கச்சிதமாகப் பொருந்துபவை உண்டு. பொருந்துவதுபோல் ஏமாற்றுபவைதான் அதிகம், அவற்றில்தான் பாடமே இருக்கிறது.

பொருந்துவதற்கு உதாரணம், "யூ கான்ட் ஹாவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ". கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஒன்றை அனுபவித்தால் இன்னொன்று போகும் என்ற இக்கட்டு இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தைத் தனியாகச் சொன்னால் "கேக் வைத்திருந்தால் சாப்பிடத்தானே செய்வார்கள்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். "ஹாவ்" என்பதற்கு இங்கே "தீராமல் கையில் வைத்திருப்பது" என்று பொருள். "சவர் க்ரேப்ஸ்" ஈசாப்பின் நரிக் கதை. சீச்சீ இந்தப் பழம் புளிக்கும். ஒரு எச்சரிக்கை: வெறும் பொறாமைக்கு இது வராது. கிடைக்காத பொருளை மட்டம் தட்டிப் பேசியிருக்க வேண்டும்.

ஏமாற்றும் ஜோடிகளுக்கு வருகிறேன். "வொர்த் ஹிஸ் சால்ட்" என்றதும் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லத் தோன்றும். நம் உப்பு நன்றிக்கடன். ஆங்கில உப்பு கூலி: வாங்கும் சம்பளத்துக்கு ஏற்ற வேலைக்காரனா என்ற கேள்வி. "எனி எஞ்சினியர் வொர்த் ஹிஸ் சால்ட் வுட் செக் திஸ் ஃபர்ஸ்ட்" என்பதில் விசுவாசம் எங்கும் இல்லை, திறமைதான் இருக்கிறது. "சால்ட் ஆஃப் த எர்த்" மூன்றாவது வகை; மத்தேயு 5:13-ல் "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று வருவது. இன்றைய பேச்சில் பாசாங்கு இல்லாத நல்ல மனிதர் என்று பொருள்.

"த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் த ஈட்டிங்" என்பதை ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பல கையேடுகள் மொழிபெயர்க்கின்றன. சரியில்லை. நம் பழமொழி மாதிரியை வைத்து முழுவதையும் கணிப்பது. ஆங்கிலம் சொல்வது, பேச்சை விடு, பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்பது. "ப்ரூஃப்" அங்கே சோதனை என்ற பழைய பொருளில் நிற்கிறது. இதை "ப்ரூஃப் இஸ் இன் த புட்டிங்" என்று சுருக்கிச் சொல்வது பரவலாகிவிட்டது. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளட்டும், தாங்கள் பேசும்போது முழு வடிவத்தையே சொல்லட்டும்.

"ஈட் யுவர் வேர்ட்ஸ்" இன்னொன்று. தமிழில் வார்த்தையை விழுங்குகிறான் என்றால் தெளிவாகப் பேசவில்லை, அல்லது எதையோ மறைக்கிறான். ஆங்கிலத்தில், நேற்று அடித்துச் சொன்னது இன்று பொய்யானதால் வாபஸ் வாங்குகிறான். பெரும்பாலும் "ஹேட் டு" சேர்ந்துதான் வரும்: "ஹி ஹேட் டு ஈட் ஹிஸ் வேர்ட்ஸ்."

"எ ஃப்யூ பேட் ஆப்பிள்ஸ்" விவகாரம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மூலப் பழமொழி, அழுகிய ஒரு ஆப்பிள் பீப்பாய் முழுவதையும் கெடுக்கும் என்பது. உண்மையிலேயே அப்படித்தான் நடக்கும்: கெட்டுப்போகும் ஆப்பிள் எத்திலீன் வாயுவைக் கூடுதலாக விடும், அது பக்கத்துப் பழங்களையும் வேகமாகக் கனிய வைக்கும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்ற நம் பேச்சுக்கு அது சரியான ஜோடி. ஆனால் இன்று போலீஸ் அத்துமீறல் போன்ற செய்திகளில் "ஜஸ்ட் எ ஃப்யூ பேட் ஆப்பிள்ஸ்" என்று சொல்பவர், சிலர் மட்டும்தான் கெட்டவர், மற்றவர்கள் நல்லவர் என்று வாதாடுகிறார். பொருள் முழுதாகத் திரும்பிவிட்டது. செய்தி படிக்கும் மாணவருக்கு இரண்டு பொருளும் தெரிந்திருக்க வேண்டும்.

---

மணிமுத்தாறு:

மிகவும் பயனுள்ள பதில்கள். பிறந்த கதை பற்றி யாராவது சொல்லுங்கள். "கறி ஃபேவர்" நம் கறியிலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். மாணவர்களுக்கு அது உற்சாகமாக இருக்கும் என்று சேர்த்துவைத்திருக்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி:

அதை எடுத்துவிடுங்கள் ஐயா. ஆங்கிலத்தில் "கறி" இரண்டு. குழம்பைக் குறிக்கும் சொல் தென்னிந்தியாவிலிருந்து போனது. தமிழ்க் "கறி"யோடு உறவு உண்டு. "கறி ஃபேவர்" என்பதில் உள்ள "கறி" பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினை, குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது என்று பொருள். "ஃபேவர்" கூட முதலில் ஃபேவர் அல்ல. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சு அங்கதக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வரும். வஞ்சகத்தின் உருவம் அது. பெரிய மனிதர்களெல்லாம் காரியம் சாதிக்க அதைத் தேய்த்துவிட வருவார்கள். அந்தப் பெயர் ஆங்கிலக் காதில் "ஃபேவர்" ஆகிவிட்டது. காக்காய் பிடிப்பது என்ற பொருள் அங்கிருந்து வருகிறது, சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் "பிக் சீஸ்" (பெரிய புள்ளி) எடுங்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் "சீஸ்" என்றால் பொருள், விஷயம். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தரமான சரக்கை அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற விளக்கம் 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். "பிக்" சேர்ந்தது பின்னால், அமெரிக்காவில். இன்று அதில் லேசான கேலி உண்டு. மேலதிகாரியை அவர் முகத்துக்கு நேரே அப்படி அழைக்கக் கூடாது.

பொதுவான சோதனை ஒன்று சொல்கிறேன். கதை எந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி போன்ற வரலாற்று அகராதியில் அந்தத் தொடர் முதன்முதலில் எழுத்தில் வந்த ஆண்டைப் பாருங்கள். நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருந்தால் கதை பின்னால் கட்டப்பட்டது என்று சந்தேகப்படலாம். "கோல்டு ஷோல்டர்" (முகம் கொடுக்காமல் ஒதுக்குவது) என்பதற்கு, வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறி வைப்பார்கள் என்று கதை சொல்வார்கள். எழுத்தில் அதை முதலில் காண்பது 1816-ல், வால்டர் ஸ்காட்டின் நாவலில். அங்கே கறியே கிடையாது, தோளைத் திருப்பிக்கொள்வதுதான். "அப்பர் க்ரஸ்ட்" (மேல்தட்டு மக்கள்) என்பதற்கு ரொட்டியின் மேல்பகுதி பிரபுக்களுக்கு, அடிப்பகுதி வேலைக்காரருக்கு என்ற விளக்கமும் இப்படித்தான். 1999-ல் "1500-களின் வாழ்க்கை" என்று உலகமெல்லாம் சுற்றிய மின்னஞ்சல் அதை ஊதிப் பெரிதாக்கியது. ரோமானியப் படைவீரருக்கு உப்பாகவே சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்கும் பழைய சான்று இல்லை. லத்தீனில் சம்பளத்துக்கான சொல் உப்பிலிருந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வகுப்பில் தைரியமாகச் சொல்லக்கூடிய உண்மைக் கதைகளும் இருக்கின்றன. "த பெஸ்ட் திங் சின்ஸ் ஸ்லைஸ்டு ப்ரெட்" எடுங்கள். ஆட்டோ ரோவெடர் செய்த இயந்திரத்தால் வெட்டிய ரொட்டி 1928 ஜூலை 7 அன்று மிசூரி மாநிலத்துச் சில்லிக்காத்தி ஊரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. போர்க்காலச் சிக்கனம் என்று 1943 ஜனவரியில் அமெரிக்க அரசு வெட்டிய ரொட்டிக்குத் தடை போட்டது. மக்கள் கொதித்தார்கள், மார்ச்சிலேயே தடையை நீக்கினார்கள். ரொட்டித் துண்டு எப்படி ஒரு உயர்ந்த கண்டுபிடிப்பின் அளவுகோல் ஆனது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

உப்புக்கும் நல்ல கதை உண்டு. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதிய இயற்கை வரலாற்றில், மித்ரிடேடஸ் மன்னனின் விஷமுறிவு மருந்து வருகிறது: உலர்ந்த வால்நட் 2, அத்திப்பழம் 2, சதாப்பு இலை 20, எல்லாவற்றையும் ஒன்றாக இடித்து, கூட ஒரு உப்புக்கல். "க்ரெய்ன் ஆஃப் சால்ட்" அந்த வரியோடு தொடர்புடையது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

பனங்காடு சொன்ன கேக்கைப் பற்றியும் ஒன்று. 1546-ல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிகளில் "ஈட்" முன்னாலும் "ஹாவ்" பின்னாலும் இருக்கிறது. தர்க்கப்படி அதுதான் நேரானது. தின்றுவிட்டு எப்படி வைத்திருப்பாய்? இன்று பெரும்பாலோர் மாற்றிச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் தபால் குண்டுகள் அனுப்பிய டெட் கசின்ஸ்கி பழைய வரிசையிலேயே எழுதியவர். 1995-ல் நாளிதழில் வெளியான அவருடைய நீண்ட அறிக்கையிலும், அவர் குடும்பத்திடம் இருந்த கடிதத்திலும் அதே வரிசை இருந்தது, அவரை அடையாளம் காண உதவிய மொழித் தடயங்களில் ஒன்று. 1996-ல் கைது. மரபுத்தொடரில் சொல் வரிசை எவ்வளவு இறுகியது என்பதற்கு இதைவிட அழுத்தமான உதாரணம் கிடைக்காது.

---

தாழம்பூ:

அன்றாடப் பேச்சு என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், அதை யாரும் தொடவில்லை. "சாப்டீங்களா?" நமக்கு நலம் விசாரிப்பு. மதியம் ஒரு மணிக்கு ஆங்கிலேயரிடம் "ஹாவ் யூ ஹேட் லஞ்ச்?" என்றால் சேர்ந்து சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்றே நினைப்பார். "டேக் ஃபுட்" வேண்டாம். "ஈட்" அல்லது "ஹாவ்". மாத்திரைக்குத்தான் "டேக்". "பார்சல்" என்றால் வெளிநாட்டில் தபால் பொட்டலம். பிரிட்டனில் "டேக்அவே", அமெரிக்காவில் "டு கோ". சாப்பிடும் இடம் "ரெஸ்டாரன்ட்"; "ஹோட்டல்" என்றால் ரூம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். போதும் என்பதற்கு "இனஃப்" என்று மட்டும் சொன்னால் அதட்டுவதுபோல் ஒலிக்கும். "ஐயம் ஃபுல், தேங்க் யூ" போதும்.

---

வாய்க்கால்:

சொல்லவே கூடாதவை என்று ஒரு சிறு பகுதி வையுங்கள் சார். "கோகனட்", "பனானா" இரண்டும் ஆளைக் குறித்தால் இன வசை: வெளியே பழுப்பு அல்லது மஞ்சள், உள்ளே வெள்ளை என்ற குத்தல். "வெஜிடபிள்" என்று நோயாளியைக் குறிப்பிடுவதும் அப்படியே. பழைய கையேடுகளில் இவை எச்சரிக்கை இல்லாமல் கிடக்கின்றன.

வசை இல்லாவிட்டாலும் சிக்கலில் மாட்டிவிடுவது "அவுட் டு லஞ்ச்". அமெரிக்காவில் "ஹி இஸ் அவுட் டு லஞ்ச்" என்பதற்குச் சாப்பிடப் போயிருக்கிறார் என்ற பொருளும் உண்டு, நினைவு எங்கோ இருக்கிற ஆள் என்ற பொருளும் உண்டு. மேலாளரைத் தேடி போன் வந்தால் "ஹி இஸ் அட் லஞ்ச்" என்று சொல்லப் பழக்குங்கள். வட இங்கிலாந்து வாடிக்கையாளர் "டின்னர்" என்றால் அது மதியச் சாப்பாடாக இருக்கலாம், "டீ" என்றால் மாலைச் சாப்பாடாக இருக்கலாம். மீட்டிங் "ஆஃப்டர் டின்னர்" என்று வந்தால் உடனே "வாட் டைம் வுட் தட் பி?" என்று மணியைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.